கீழ்க்கட்டளையில் ஒட்டாத பல்லி

பல்லி பசையில்லாமல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்பதை வைத்துப் பிழைக்கும் ஒரு ஜெர்மன் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். பல்லியைப் பார்த்துப் பிழைப்பது நமக்கும் புதிதல்ல. எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டு விற்கிறோம். ஜெர்மானியர்கள் அதன் காலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். அவை சுவரை அவ்வளவு நெருங்கிப் போவதால், நெருக்கமே பிடிப்பாகிவிடுகிறது. வேண்டாமென்றால் காலை உரித்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போகலாம். பிசுக்கு இல்லை, தடயம் இல்லை. நம் அரசியல்வாதிகள் பலருக்கு இது பிறவியிலேயே உண்டு.

எங்கள் கம்பெனி செய்வது கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் சில்லு. ஒரு துளி ரத்தம் விட்டால், தலைமயிர் போன்ற வாய்க்கால்களில் ஓடி, உடம்பில் என்ன கோளாறு என்று சொல்லும். வாய்க்கால்களுக்கு மேல்மூடி வேண்டும். பசை போட்டு ஒட்டினால் பசை வாய்க்காலுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். அல்லது ரத்தத்தோடு கலந்து, நோயில்லாதவனுக்கு நோயைக் கொடுக்கும். அதனால் மூடி, பல்லிக்கால் மாதிரி ரோமம் வைத்த ஒரு சிலிக்கோன் ரப்பர் படலம். அழுத்தினால் ஒட்டும். அவ்வளவுதான்.

இதில் என் பங்கு, பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் உபயோகக் கையேட்டை எழுதுவது. என்னுடைய எழுத்து பதினோரு மொழிகளில் வெளியாகி, பதினோரு மொழிகளிலும் படிக்கப்படாமல் இருக்கிறது.

படலத்தைச் செய்வது சென்னையில், கீழ்க்கட்டளையில். இந்த நவம்பரில் படலங்கள் ஒழுக ஆரம்பித்தன. எல்லாம் அல்ல, பெட்டிக்குச் சில. எங்கள் இயக்குநர் குந்தர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போ. உன் ஊர்தானே."

நான் கோயம்புத்தூர்க்காரன். சென்னை எனக்கு, சின்ன வயதில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் செருப்பைத் தொலைத்த ஊர். ஹாம்பர்க்காரனை மியூனிக்குக்கு அனுப்பும்போது "உன் ஊர்தானே" என்று குந்தர் சொல்லிப் பார்க்கட்டும். ஆனால் நான் சம்பளம் வாங்குகிறவன். "ஆமாம், என் ஊர்தான்" என்றேன்.

"என் கண்ணுக்கு முன்னால் செய்வதுபோல உன் கண்ணுக்கு முன்னால் செய்யச் சொல். ஒழுகினால் காரணம் கேள். காரணம் சொன்னால் சரி. காரணம் தெரியாத ஒழுக்கு எனக்கு வேண்டாம். அச்சை எடுத்துக்கொண்டு வந்துவிடு."

அச்சு என்பது உள்ளங்கை அளவு உலோகத் தகடு. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். உண்மையில் முழுக்கக் குழிகள். அதன்மேல் ரப்பர்க் குழம்பை ஊற்றி, வேகவைத்து, உரித்தால் குழிக்கு ஒரு ரோமம். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அது போனால் கீழ்க்கட்டளையில் மிஞ்சுவது நாலு சுவர்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தங்கினேன். விடுதியின் பெயரில் 'ரெசிடென்சி' இருந்தது. அறையில் ஜன்னல் இல்லை. மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள மாடியிலிருந்து வரவேற்புக்கு இறங்கி வர வேண்டும். பெய்துகொண்டுதான் இருந்தது. காலையில் பக்கத்து மெஸ்ஸில் இட்லி. ஜெர்மனியில் எனக்குக் கிடைக்கும் காலை ரொட்டியால் ஜன்னலை உடைக்கலாம். இந்த இட்லியால் காயத்துக்குக் கட்டுப் போடலாம். சாம்பாரில் வெல்லம் இல்லாதது ஒரு குறை என்று பரிமாறியவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்வீட் வோணும்னா தனியா சொல்லு சார்" என்றார்.

கீழ்க்கட்டளைக்குப் போக ஷேர் ஆட்டோவில் மேடவாக்கம், அங்கிருந்து இன்னொன்று. மெட்ரோ வேலைக்காகச் சாலையின் நடுவில் தகரம் அடைத்து, மிச்சத்தை மழைக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கும் இன்னொருவருக்கும் நடுவில் ஓர் அம்மாள், மடியில் மீன்கூடையோடு. ஜெர்மன் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரன் முழங்கை பட்டால் மன்னிப்புக் கேட்பான். இங்கே அம்மாள் தன் முழங்கையை என் விலாவில் நிரந்தரமாக நிறுத்திவிட்டு, "நல்லா தள்ளி குந்து, இன்னும் ஒராள் ஏறும்" என்றாள். ஏறியது.

பட்டறையை நடத்துகிற பெண்மணி ஷமீம். ஐம்பது வயதிருக்கும். அவருடைய குடும்பம் பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் செய்துவந்தது. குந்தரின் அச்சு வந்தபோது வளையம் செய்யும் இயந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தூசி புகாத கண்ணாடி அறை கட்டினாராம்.

"ஊரெல்லாம் விசில் அடிக்கற சாமான் செஞ்சோம் சார். இப்ப சத்தமே வராத சாமான் செய்யறோம். சத்தம் வந்தா உங்க கம்பெனியிலேந்துதான் வருது" என்றார்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். என் கைப்பையைப் பார்த்து, அதில் அச்சு கொள்ளுமா என்று கண்ணாலேயே அளந்தார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார். நெய்ச்சோறும் கறி போட்ட தால்சாவும். வேலையைப் பிடுங்க வந்தவனுக்கு இவ்வளவு கறி வைப்பது ஒருவகைத் தண்டனை என்று இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளும்போதுதான் தோன்றியது.

கண்ணாடி அறையில் வார்ப்பு வேலை சுகந்தியுடையது. செம்பாக்கத்துப் பெண், பத்துப் பேருக்கு மேற்பார்வை. எல்லோரும் தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் உறை. சுகந்தி ரப்பரை ஊற்றினார், வேகவைத்தார், உரித்தார், சில்லுகளாக வெட்டி ஒரே தட்டில் போட்டார். பிறகு சோதனை. சில்லுக்குள் சிவப்புத் தண்ணீரை அழுத்தி விட வேண்டும். ஜெர்மனியில் இதற்கென்று ஒரு சாயம், விலை கேட்டால் மயக்கம் வரும். இங்கே ரோஸ்மில்க் எசன்ஸ். நான் மூக்கைச் சுளித்தேன். ரோஸ்மில்க் அதைப் பொருட்படுத்தாமல் பத்துச் சில்லுகளில் ஒழுங்காக ஓடியது. பதினோராவதில் ஓரம் கசிந்து, வெள்ளை மேஜையில் சின்னதாகப் பூத்தது.

சுகந்தி அதைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

"மழை சார். ஈரம்" என்றார் ஷமீம்.

"கரன்ட்டு சார். வோல்டேஜ் ஏறி எறங்கிகினே கீது" என்றார் சுகந்தி.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்குப் பசி உறைப்பதுபோல வேறெதுவும் சீக்கிரம் உறைப்பதில்லை.

மாலையில் குந்தரிடம் பேசினேன். அவர் ஒரு கோட்பாடு தயாராக வைத்திருந்தார். "அங்கே பெண்கள் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறார்களாமே? அந்த எண்ணெய்தான். விசாரி."

மறுநாள் விசாரித்தேன். இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்பது ஜெர்மனில் தெரியவில்லை.

சுகந்தி தொப்பியைக் கழற்றிக் காட்டினார். தேங்காய் நார் மாதிரி காய்ந்த தலை. "ஒரு வருசமா எண்ணெ இல்ல, பூ இல்ல, பவுடர் இல்ல சார். எங்க வூட்டுக்காரரு பேய்ன்றாரு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு இப்டியேதான் போயி நின்னேன். உங்க பல்லிக்காக. இன்னும் இன்னா வோணும் அவருக்கு, மொட்டை போட்டுக்கணுமா?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "காஞ்சிபுரம் போயி தங்கப் பல்லிய தொட்டுட்டு வரச் சொல்லு சார் அவர" என்றாள் ஒருத்தி.

நான் கையேட்டில் எழுதுகிற மொழியில், "கருத்தைத் தெரிவிக்கிறேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் முழுக்க வார்த்து, வெட்டி, கசிந்துகொண்டிருந்தோம். கசிந்த சில்லு எது, கசியாதது எது என்று ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. இன்னொரு நாள் இப்படிப் போனால் அச்சைக் கைப்பையில் வைக்க வேண்டியதுதான். ஷமீம் அன்று சாப்பிட வரவில்லை. கண்ணாடி அறைக்கு வெளியே நின்று, எடைக்குப் போட்ட இயந்திரங்களில் ஒன்று நின்ற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இப்போது ஒரு கை கழுவும் தொட்டி இருந்தது.

கண்டுபிடிப்பு என் சோம்பேறித்தனத்தால் நடந்தது. மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, வெட்டாத படலம் ஒன்று மேஜையில் கிடந்தது. பல்லிக் கம்பெனியில் இத்தனை வருடம் இருந்தும் நான் அதைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்ததே இல்லை. ஜன்னலில் அழுத்தினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. பிடித்த இடமெல்லாம் கண்ணாடியோடு கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. ஓர் ஓரத்தில் மட்டும், விரல்நுனி அளவு ஒரு வட்டம், வெள்ளையாக, ஒட்டாமல் நின்றது.

அலமாரியிலிருந்து இன்னொரு படலத்தை எடுத்து ஒட்டினேன். அதே ஓரம், அதே வட்டம். மூன்றாவதிலும் அப்படியே. மழைக்கு வட்டம் வரையத் தெரியாது. மின்சாரத்துக்கும் தெரியாது. வெட்டி ஒரே தட்டில் கலந்துவிட்டதால் எந்தச் சில்லு எந்த இடத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. வட்டத்தில் விழுந்த சில்லு ஒழுகியிருக்கிறது.

சாப்பிட்டு வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். மூன்று கண்ணாடி, மூன்று வட்டம். சுகந்தி ஷமீமைப் பார்த்தார். ஷமீம் மின்விசிறியைப் பார்த்தார்.

"அச்சை நுண்ணோக்கியில் வைங்க" என்றேன். என் குரலில் இருந்த அதிகாரத்தைக் கேட்டு நானே ஆச்சரியப்பட்டேன்.

வைத்தார்கள். குழிகள் வரிசை வரிசையாக, காலியாக, அழகாக இருந்தன. தகட்டை நகர்த்தினார் சுகந்தி. குழிகளெல்லாம் மஞ்சளாக அடைபட்ட ஒரு பிரதேசம் வந்தது. அதன் நடுவில் சிவப்பு.

சந்தனம். நடுவில் குங்குமம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். மோட்டாரும் லேத்தும் உள்ள ஊர். ஆயுத பூஜை அன்று எதற்கெல்லாம் பொட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மோட்டாருக்கு, தராசுக்கு, ஸ்பேனருக்கு, தையல் மிஷினுக்கு, கம்ப்யூட்டர் மௌஸுக்கு. இங்கே உலகத்திலேயே நுணுக்கமான குழிகள் உள்ள தகட்டைத் தேடிப் பிடித்து அப்பியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

"யாருங்க வெச்சது?"

 ஒரு பெண் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"மேடம், பூஜை உங்க வழக்கம்கூட இல்லயே. யாரு?"

"பூஜை என் ஆளுங்களுது சார். அன்னிக்கு பட்டறை அவங்களுது. பொரி, சுண்டல் நான் வாங்கித் தருவேன், ஓரமா நிப்பேன்" என்றார் ஷமீம். "சுகந்தி அச்சு இருக்கற பொட்டிக்கு மேலதான் வெச்சா. அச்ச யாரும் தொடல."

"பின்ன?"

சுகந்தி பொறுக்க முடியாமல் கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். வீடியோ. பட்டறை முழுக்க மாவிலை, வாழைக்கன்று. நடுவில் வேட்டி கட்டிய குந்தர், பெல்ட் போட்டு. அக்டோபரில் அவர் 'இந்தியப் பங்காளிகளைச் சந்திக்க' வந்தது எனக்குத் தெரியும், வேட்டி தெரியாது. பெட்டிமேல் இருந்த பொட்டைப் பார்த்து அவர் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது: "பெட்டிக்கு மரியாதை, உள்ளே இருப்பவருக்கு இல்லையா? இதுதானே நம் மிக முக்கியமான கருவி!" பெட்டியைத் திறந்தார். சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார். அச்சின் ஓரத்தில் அழுத்தமாக, ஜெர்மன் சுத்தத்தோடு, ஒரு வட்டம். மேலே குங்குமம். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டும் ஷமீமின் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் அச்சில் இருந்தது.

"அவரு கார் ஏறினதும் ஸ்பிரிட் போட்டு தொடச்சிட்டோம் சார்" என்றார் சுகந்தி. "பளபளன்னு ஆயிடுச்சு. போயிடுச்சுன்னு நெனச்சோம்."

"ஒழுக ஆரம்பிச்சப்பறம் ஒரு தடவ நுண்ணோக்கில பாத்திருக்கலாமே?"

ஷமீம் இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "பாத்தா தெரிஞ்சிடும் சார். தெரிஞ்சா சொல்லணும்."

வந்த விருந்தாளியின் விரலைக் குற்றம் சொல்வதைவிட, அழுக்குப் பிடித்த பட்டறை என்ற பெயரை வாங்கிக்கொண்டு, எண்ணெய் தேய்க்காத தலையோடு எண்ணெய்க் குற்றச்சாட்டையும் கேட்டுக்கொண்டு, மழையைத் திட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். இந்த மரியாதையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் விருந்தாளி டம்ளரை உடைத்தால் நான் அவர் முகத்துக்கு எதிரிலேயே துடைப்பத்தை எடுப்பேன்.

குழிகளை எப்படிச் சுத்தம் செய்வது? தேய்த்தால் அச்சு போய்விடும். ஷமீமின் தம்பி அன்வர் கிழக்குத் தாம்பரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிகளைத் தண்ணீரில் போட்டு, காதுக்குக் கேட்காத அதிர்வில் அழுக்கை உதறவைக்கும் சின்னத் தொட்டி அவரிடம் உண்டு. அச்சை மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, டப்பாவை என் மடியில் வைத்து, ஷமீமும் சுகந்தியும் நானும் ஆட்டோ ஏறினோம்.

செம்பாக்கம் தாண்டியதும் சாலை ஏரியாகிவிட்டது. அல்லது ஏரி தன் சாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டது. வண்டி இருமி நின்றது.

"எறங்கி தள்ளு சார்" என்றார் ஓட்டுநர். நான் டப்பாவைக் காட்டினேன். "இன்னா சார், டிபன் பாக்ஸ கொயந்த மாதிரி கட்டிகினு கீற? சாம்பார் ஊத்திக்குமா?"

"அதுல பத்து பேர் சோறு கீதுண்ணா" என்றார் சுகந்தி, தண்ணீரில் இறங்கி.

"பத்து பேர் சோறா? அம்மாந்துண்டு டப்பாவுலயா? சர்தான், பேஜாரு பார்ட்டி" என்று ஓட்டுநரும் இறங்கினார். இரண்டு பெண்களும் ஓட்டுநரும் முழங்கால் தண்ணீரில் தள்ள, நான் மகாராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்து டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு பேருந்து பக்கத்தில் வந்து அலை எழுப்பியது. ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர் என்னைக் காட்டி யாரிடமோ ஏதோ சொன்னார். கேட்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

அன்வர் பாய் டப்பாவைத் திறந்தார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டு, அச்சை இறக்கி, பொத்தானை அழுத்தினார். தொட்டி வண்டு மாதிரி ரீங்கரித்தது. யாரோ ஒரு கிழவர் தன் மூக்குக் கண்ணாடியோடு தன் முறைக்குக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அச்சின் ஓரத்திலிருந்து மெல்லிய மஞ்சள் புகை ஒன்று எழுந்து, தண்ணீரில் கலந்து, காணாமல் போனது.

பட்டறைக்குத் திரும்பி ஒரு படலம் வார்த்தோம். ஜன்னலில் ஒட்டினோம். வட்டம் இல்லை. வெட்டினோம். ரோஸ்மில்க் எல்லாச் சில்லுகளிலும், வாய்க்காலை விட்டு வெளியே எட்டிப் பார்க்காமல் ஓடியது. சுகந்தி ஒருமுறை, ஒரே ஒருமுறை, மேஜையைக் கையால் தட்டினார்.

இனி பாக்கி இருந்தது காரணம். குந்தருக்குக் காரணம் வேண்டும்.

மறுநாள் காலை அவரோடு வீடியோவில் பேச ஏற்பாடு. இரவு ஜன்னலில்லாத அறையில் நான் வாக்கியங்களைச் செதுக்கி வைத்திருந்தேன். பதினைந்து வருடம் இவர் என் கையேடுகளில் சிவப்பு மை அடித்திருக்கிறார். சுகந்தியின் தலைக்காகவும் பேசப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி, குந்தரின் முகம் சுருங்குவதைப் பெரிய திரையில் பார்க்கும் ஆசை. ஷமீமிடம் ஒன்றும் சொல்லவில்லை.

குந்தர் திரையில் வந்தார். "சரி, காரணம்?"

"குந்தர், அக்டோபரில் அந்தப் பூஜை அன்று, நீங்கள்..." என்று ஆரம்பித்தேன்.

"மிஸ்டர் குந்தர்" என்று ஷமீம் ஆங்கிலத்தில் குறுக்கே புகுந்தார். "தவறு எங்களுடையது. பூஜை அன்று சந்தனம் அச்சில் பட்டுவிட்டது. நாங்கள் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. இப்போது சுத்தம் செய்துவிட்டோம். ஒழுக்கு நின்றுவிட்டது. மன்னிக்க வேண்டும்."

குந்தர் பேனாவை மேஜையில் வைத்தார். அவருக்கு ஞாபகம் வருகிறது என்று நினைத்தேன். அந்த விரல், அந்தக் கிண்ணம், அந்தக் கைதட்டல். அவர் முகத்தில் ஏதோ ஓடியது; ஓடி முடிந்தது.

"எனக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்தது" என்றார். "அச்சைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கவே கூடாது. நீங்கள் உணர்ச்சிகரமான மக்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் கருவி கருவிதான்."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே ஷமீமின் செருப்பு என் காலை மிதித்தது. மூடிக்கொண்டேன்.

"எப்படியோ, காரணம் தெரிந்துவிட்டது. அச்சு அங்கேயே இருக்கட்டும்" என்றார் குந்தர். என்னைப் பார்த்து, "கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடு: அச்சின்மீது மதச் சின்னங்கள் இடக்கூடாது. எல்லா மொழிகளிலும்." பிறகு மறுபடி ஷமீமிடம், பெருந்தன்மையோடு: "அடுத்த ஆண்டு பூஜைக்கு நானே வருகிறேன். அச்சுப் பக்கத்தில் நானே நிற்கிறேன்."

"மிகவும் சந்தோஷம் சார்" என்றார் ஷமீம். திரை அணைந்தது.

நான் வெடித்தேன். "என்னங்க மேடம் இது? தப்பு பண்ணுனது அந்தாளு. உங்களுக்கு உபதேசம் வேற!"

"கத்தாதீங்க சார். தப்பு என்னுதுன்னா அவரு திட்டுவாரு, அச்சு இங்க இருக்கும். தப்பு அவருதுன்னா அவரால இந்தப் பட்டறைய இன்னொரு வாட்டி பாக்க முடியாது. ஒரு மாசம் கழிச்சு வேற எதாவது காரணம் வரும், அச்சு போயிடும்." அவர் எழுந்து கண்ணாடி அறைப் பக்கம் நடந்தார். "இத்தன வருசம் அவருகிட்ட வேல பாக்கறீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருடம் கையேடு எழுதுகிறேன். ஆனால் அதை யாரும் என் முன்னால் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஷமீம் கண்ணாடியைத் தட்டினார். "சுகந்தி! இங்க வா. பல்லாவரத்துல ஸ்டீலுக்கு பாலிஷ் போடறவங்க இருக்காங்க இல்ல? அச்சு சைஸுலயே ஒரு தகடு வெட்டி, மொகம் தெரியற மாதிரி பாலிஷ் போட்டு வாங்கிடு. நல்ல பொட்டி ஒண்ணுல வை."

"எதுக்கு அக்கா?"

"அடுத்த பூஜைக்கு. அவரு பொட்டு வெக்க."

சுகந்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டா சொல்லிடலாம்க்கா. சாரும் கூட வருவாரு இல்ல?"